ஹவாய்த் தீவின் குறுக்கே போகும் சேணச் சாலை: போடிமெட்டு ஏறுவோர் கேட்கும் கேள்விகள்

எங்கள் குடும்பத்துக்குத் தேனி மாவட்டத்துப் போடியில் வீடும் மலைக்கு மேலே கேரளப் பக்கம் பூப்பாறையில் சிறிய ஏலத்தோட்டமும் இருப்பதால், வாரத்துக்கு இரண்டு முறையாவது போடிமெட்டு ஏறி இறங்குவது எனக்கு முப்பது ஆண்டுப் பழக்கம். என் அக்கா மகள் திருமணமாகி ஹவாயில் ஹிலோ என்னும் ஊரில் குடியிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போய் மூன்று மாதம் தங்கியிருந்தபோது, அந்தத் தீவின் கிழக்குக் கரையையும் மேற்குக் கரையையும் மலை வழியாக இணைக்கும் நெடுஞ்சாலையில் பலமுறை போய்வந்தேன். ஊர் திரும்பிய நாள் முதல், போடியிலும் பூப்பாறையிலும் சாந்தன்பாறையிலும் இருக்கும் உறவினர்களும் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி ஜீப் ஓட்டும் தம்பிமார்களும் அந்தச் சாலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். மலைச் சாலையை நம்பிப் பிழைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் என்பதால், சுற்றுலாக் கையேடுகளில் காணாத பலவும் அவற்றில் இருந்தன. பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தச் சாலை எந்தத் தீவில் இருக்கிறது? எங்கிருந்து எங்கே போகிறது?

ஹவாய் என்பது பசிபிக் பெருங்கடலின் நடுவே உள்ள ஒரு தீவுக்கூட்டம். அமெரிக்காவின் 50-ஆவது மாநிலம். அந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய தீவின் பெயரும் ஹவாய்தான் என்பதால், குழப்பம் வராமல் இருக்க அங்குள்ளவர்கள் அதைப் 'பெரிய தீவு' என்கிறார்கள். அதன் பரப்பு ஏறத்தாழ 10,430 சதுர கிலோமீட்டர். நம் இடுக்கி மாவட்டத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். கிழக்குக் கரையில் ஹிலோ, மேற்குக் கரையில் கோனா என இரண்டு முக்கிய ஊர்கள் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் மௌனா கியா, மௌனா லோவா என்னும் இரண்டு எரிமலைகள், ஒவ்வொன்றும் நாலாயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்து, தீவின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்கின்றன.

ஹிலோவிலிருந்து கோனாவுக்குக் கரையோரமாக வடக்கே சுற்றினால் சுமார் 150 கிலோமீட்டர், தெற்கே சுற்றினால் சுமார் 200 கிலோமீட்டர். இரண்டு மலைகளுக்கும் இடைப்பட்ட பள்ளத்தின் வழியே போனால் 125 கிலோமீட்டர் அளவில் முடிந்துவிடும். அப்படிக் குறுக்கே போவதுதான் மாநில நெடுஞ்சாலை எண் 200. பழைய பெயர் சேடில் ரோடு, இன்றைய பெயர் டேனியல் கே. இனோயே நெடுஞ்சாலை.

சேணம் என்று ஏன் பெயர் வந்தது?

குதிரையின் முதுகில் போடும் சேணம் முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருப்பதைப் போல, வடக்கே மௌனா கியாவும் தெற்கே மௌனா லோவாவும் உயர்ந்திருக்க, நடுவில் நிலம் தாழ்ந்து கிடக்கிறது. தாழ்வு என்றாலும் சாலையின் உச்சிப் புள்ளி கடல் மட்டத்திலிருந்து 2,021 மீட்டர்; ஊட்டியைவிடச் சற்றே குறைவு, மூணாறு நகரத்தைவிட அதிகம். போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று மலையைக் கடக்கும் உச்சிக்கு நாம் சொல்லும் 'மெட்டு' என்ற சொல் அங்கே இருந்திருந்தால் இதற்கும் அதுவே பெயராகியிருக்கும்.

அதில் எத்தனை கொண்டை ஊசி வளைவுகள்?

ஜீப் ஓட்டுபவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். பதிலைக் கேட்டவுடன் ஏமாந்தும் போகிறார்கள், ஏனென்றால் ஒன்றுகூடக் கிடையாது.

முந்தல் தாண்டி ஏறத் தொடங்கினால் போடிமெட்டுக்குள் 17 கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிவிடுகிறோம். சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தை வெகு குறுகிய தூரத்தில் ஏறியாக வேண்டியிருப்பதே அதற்குக் காரணம். நம் மலை கிழக்குப் பக்கம் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குகிறது. ஹவாயின் மலைகள் பிறந்த விதமே வேறு. அங்கே கக்கும் லாவா நீர்த்தன்மை கொண்டது. ஊற்றிய தோசை மாவு தானாகப் பரவுவதுபோல வெகுதூரம் ஓடிப் படிகிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த அந்த அடுக்குகள், கவிழ்த்து வைத்த கேடயம் போன்ற வடிவில் மலையாகிவிட்டன. ஆகவே நாலாயிரம் மீட்டர் மலையாக இருந்தாலும் சரிவு மென்மையானது. ஹிலோவில் கடல் மட்டத்தில் கிளம்பும் கார், வளைந்து வளைந்து ஏறாமல், ஏறுகிறோம் என்பதே தெரியாமல் 2,000 மீட்டரைத் தொட்டுவிடுகிறது. காது அடைப்பதும் குளிர் ஏறுவதும்தான் உயரத்தை நமக்குச் சொல்கின்றன. முதல் தடவை போனபோது, "மெட்டு எப்போது வரும்?" என்று அக்கா மகளிடம் கேட்டேன். "மாமா, அதைத் தாண்டிப் பத்து நிமிஷம் ஆச்சு" என்றாள்.

இதை யார் போட்டார்கள்? எதற்காக?

ராணுவம் போட்டது, போருக்காகப் போட்டது. 1941 டிசம்பர் 7 அன்று ஓவாஹு தீவிலுள்ள பேர்ல் துறைமுகத்தை ஜப்பானிய விமானங்கள் தாக்கின. அடுத்து எந்தத் தீவில் வந்து இறங்குவார்களோ என்ற அச்சம் பரவியது. பெரிய தீவின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் படைகளையும் தளவாடங்களையும் விரைந்து கொண்டுபோக வழி இல்லாததால், 1942-இல் அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் அவசர அவசரமாக இந்தச் சாலையை வெட்டினார்கள். ராணுவ வண்டி போனால் போதும் என்பதே அவர்களுடைய கணக்கு. மக்கள் போவார்கள், குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஒரு தாய் ஓட்டிக்கொண்டு போவாள் என்ற எண்ணம் அந்தத் திட்டத்தில் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மலையில் முதலில் வந்த பாதைகளும் அங்கு வாழ்ந்தவர்களுக்காக வரவில்லை. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போட்ட சிறு ரயில் பாதையும், அங்கிருந்து கொட்டகுடிக்கு இறங்கிய கம்பிவடமும் தேயிலைப் பெட்டிகளைப் போடிக்கு இறக்குவதற்காக ஏற்பட்டவை. அந்தப் பெட்டிகளைச் சுமந்தவர்களும் கொழுந்து கிள்ளியவர்களும் கால்நடையாகத்தான் மலை ஏறினார்கள். அந்த ரயில் பாதை 1924 வெள்ளத்தில் அழிந்தபோது மறுபடி கட்டப்படவே இல்லை. அங்கே போர், இங்கே தேயிலை. இரண்டு இடத்திலும் மக்கள் பிறகுதான் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

வாடகைக் கார் நிறுவனங்கள் இந்தச் சாலையில் போகவே கூடாது என்று தடுத்திருந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. போர் முடிந்த பிறகு சாலை உள்ளூர் நிர்வாகத்தின் கைக்கு வந்தது. ஆனால் அதைச் சீராக்கப் பணம் வரவில்லை. நிலம் எப்படி ஏறி இறங்கியதோ அப்படியே தாரும் ஏறி இறங்கியது. ஓரங்கள் இடிந்து போனதால் இரு பக்க வண்டிகளும் நடுக்கோட்டின் மேலேயே ஓடின; எதிரே வண்டி தெரிந்தால் ஆளுக்குப் பாதியாக ஓரத்தில் இறங்கி வழிவிட்டுக்கொண்டார்கள். பனிமூட்டம் வேறு. அதனால் பல ஆண்டுகள் வாடகைக் கார் ஒப்பந்தங்களிலேயே இந்தச் சாலையின் பெயரைப் போட்டுத் தடை எழுதியிருந்தார்கள். இன்றைய சாலையைப் பார்ப்பவர்களுக்கு அது நம்ப முடியாத செய்தி. இருந்தாலும், வாடகைக்கு எடுப்பவர்கள் ஒப்பந்தத்தை ஒருமுறை படித்துவிடுவது நல்லது. மௌனா கியா உச்சிக்கு ஏறும் பாதைக்கு மட்டும் தடை போடும் நிறுவனங்கள் இன்னும் இருக்கின்றன.

அப்படியானால் எப்போது சரியானது? இனோயே என்பவர் யார்?

மறுசீரமைப்புப் பணி 2004-இல் தொடங்கி, பகுதி பகுதியாக நடந்து, கிழக்குப் பகுதியின் பெரும் பணிகள் 2017-இல் நிறைவடைந்தன. மேற்கே பழைய தடத்தை விட்டுவிட்டுப் புதிய தடமே போடப்பட்டது. 2013 செப்டம்பர் 7 அன்று அது திறக்கப்பட்டபோதுதான் டேனியல் இனோயேயின் பெயரும் சூட்டப்பட்டது. அது அவருடைய பிறந்த நாள். அவர் மறைந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

இனோயே 1924-இல் ஹொனலுலுவில் ஜப்பானிய வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்தவர். பேர்ல் துறைமுகத் தாக்குதலுக்குப் பிறகு, ஜப்பானிய முகம் கொண்டவர்கள் எல்லோரும் எதிரிகளாகப் பார்க்கப்பட்ட காலத்தில், அவரும் அவரைப் போன்ற இளைஞர்களும் அமெரிக்கப் படையில் சேர்ந்து 442-ஆவது படைப்பிரிவில் போரிட்டார்கள். 1945 ஏப்ரலில் இத்தாலியில் நடந்த சண்டையில் வலது கையை இழந்தார். பிறகு அரசியலுக்கு வந்து, 1963 முதல் 2012 டிசம்பரில் இறக்கும்வரை ஹவாயின் செனட்டராக இருந்தார். இந்தச் சாலையைச் சீராக்க மத்திய அரசின் நிதியைக் கொண்டுவந்து சேர்த்தவர்களில் முதன்மையானவர் அவரே. ஜப்பான் வந்துவிடுமோ என்று அஞ்சி வெட்டிய ராணுவச் சாலை, எழுபது ஆண்டுகளுக்குப் பின், ஜப்பானியக் குடியேறிகளின் வழிவந்த ஒருவரின் பெயரைத் தாங்கி மக்களின் சாலையாகியிருக்கிறது. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம், பெயர் சூட்டியவர்கள் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் வெயில் என்பது எப்படி?

இதைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுந்தவர்கள் இல்லை. ஆடி மாதம் மெட்டின் மேலே நின்றால் மூணாற்றுப் பக்கத்திலிருந்து சாரல் அடித்துக்கொண்டு வரும். கீழே போடியில் காற்று மட்டும் தூசியைக் கிளப்பிக்கொண்டிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து கொண்டுவரும் ஈரத்தையெல்லாம் மலை கேரளப் பக்கத்திலேயே கறந்துவிடுகிறது. நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கிலிருந்து வரும் மழைதான் முக்கிய வரவு.

ஹவாயில் இது திசை மாறி நடக்கிறது. அங்கே ஆண்டின் பெரும்பகுதியும் வடகிழக்கிலிருந்து வணிகக் காற்று வீசுகிறது. ஆகவே நனைவது கிழக்குப் பக்கம். ஹிலோவில் ஆண்டு மழை ஏறத்தாழ 3,200 மில்லிமீட்டர். ஊருக்கு மேலே மலைச்சரிவில் அதைவிட மிக அதிகம். மேற்குக் கரையில் கவாயிஹாய் பக்கம் ஆண்டு முழுவதும் சேர்ந்தே 250 மில்லிமீட்டரைச் சுற்றித்தான் பெய்கிறது. ஒரே சாலையின் ஒரு முனையில் பாசியும் பெரணியும் மறைக்காத மரம் இல்லை. மறுமுனையில் காய்ந்த புல்லும் கருத்த கல்லும்.

நடுவில் இன்னொரு விந்தை உண்டு. ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் காற்று குளிர்வதற்குப் பதிலாகச் சற்று வெதுவெதுப்பாகி, கீழிருந்து எழும் மேகத்துக்கு மூடி போட்டதுபோல நின்றுவிடுகிறது. அந்த மூடியைத் தாண்டி மேகம் பெரும்பாலும் ஏறுவதில்லை. ஹிலோவில் குடை பிடித்துக்கொண்டு காரில் ஏறி, நாற்பது நிமிடம் வெள்ளைப் பனிமூட்டத்துக்குள் முன்விளக்கு போட்டு ஓட்டிய பிறகு, திடீரென்று நீல வானத்துக்குள் வெளியே வருவோம். திரும்பிப் பார்த்தால் மேகம் காலுக்குக் கீழே கடல் போலக் கிடக்கும். கொழுக்குமலையில் விடியற்காலையில் நின்றவர்களுக்கு அந்தக் காட்சி புதிதல்ல. அங்கே அது பெரும்பாலான நாட்களில் காணக் கிடைக்கிறது.

யார் அதிகம் போகிறார்கள்? சுற்றுலாக்காரர்களா?

விடியற்காலையில் பார்த்தால் தெரியும். பெரிய ஓட்டல்களெல்லாம் வெயில் அடிக்கும் மேற்குக் கரையில் இருக்கின்றன. அங்கே வீட்டு வாடகையும் நில விலையும் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே அறை சுத்தம் செய்பவர்கள், சமையல்காரர்கள், கட்டட வேலைக்காரர்கள் எனப் பலரும் மழை பெய்யும் கிழக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, இருட்டோடு கிளம்பி மலையைத் தாண்டி வேலைக்குப் போகிறார்கள். போடியிலும் தேவாரத்திலும் கோம்பையிலும் விடிவதற்கு முன் சாப்பாட்டுத் தூக்குடன் நின்று, ஏலத்தோட்டத்து ஜீப்புக்குக் காத்திருக்கும் நம் பெண்களை நினைக்காமல் அந்தக் கார் வரிசையை என்னால் பார்க்க முடியவில்லை. பழைய மோசமான சாலையில் இவர்கள் தினமும் உயிரைப் பணயம் வைத்தே போய்வந்தார்கள். சாலை சீரானதில் உண்மையான லாபம் அடைந்தவர்கள் இவர்கள்தான். பயணிகளுக்கு மிச்சமாவது விடுமுறையில் அரை மணி நேரம், இவர்களுக்கு அது தினந்தோறும் பிள்ளைகளோடு இருக்கும் நேரம்.

எரிமலை வெடித்துச் சாலையை மூடிவிட்டால் என்ன செய்வார்கள்?

இது வெறும் பயமல்ல; அண்மையில் நடக்கவிருந்த ஒன்று. 2022 நவம்பர் 27 இரவில், 38 ஆண்டு அமைதிக்குப் பிறகு, மௌனா லோவா வெடித்தது. உச்சியில் தொடங்கிய வெடிப்பு வடகிழக்குச் சரிவுக்கு நகர்ந்தது. அங்கிருந்து புறப்பட்ட லாவா நேராக இந்தச் சாலையை நோக்கி இறங்கியது. சரிவு மென்மையாக இருந்த இடத்துக்கு வந்ததும் வேகம் குறைந்து, ஒரு மணி நேரத்துக்குச் சில மீட்டர் என்ற அளவில் ஊர்ந்தது. டிசம்பர் இரண்டாம் வாரத்தில் ஊற்று அடங்கியபோது, லாவாவின் முனைக்கும் சாலைக்கும் இடையே ஏறத்தாழ 2.8 கிலோமீட்டர் மிச்சமிருந்தது. அந்த நாட்களில் இரவெல்லாம் மக்கள் சாலையோரம் வண்டிகளை நிறுத்திவிட்டுச் சிவந்த ஓடையைப் பார்த்துக்கொண்டு நின்றதால் விபத்து அபாயம் ஏற்பட்டு, பார்ப்பதற்கென்று தனிப் பாதை ஒதுக்க வேண்டியதாயிற்று.

நெடுஞ்சாலை தப்பியது, ஆனால் அதிலிருந்து பிரிந்து மௌனா லோவாவின் மேலே போகும் கிளைச் சாலையை லாவா மூடிவிட்டது. அந்தச் சாலையின் முடிவில் இருப்பது, 1958 முதல் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளந்துவரும் ஆய்வுநிலையம். சார்லஸ் கீலிங் தொடங்கிய அந்த அளவீட்டிலிருந்துதான், உலகம் சூடாவதற்குக் காரணமான வாயு ஆண்டுக்கு ஆண்டு ஏறுவதை மனிதகுலம் ஐயமின்றி அறிந்தது. மின்கம்பங்களும் சாலையும் போய்விட்டதால் அளவீட்டைத் தற்காலிகமாக எதிரே உள்ள மௌனா கியாவுக்கு மாற்றித் தொடர்ந்தார்கள்.

லாவாவைத் தடுக்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். முயன்று பார்த்திருக்கிறார்கள். 1935-இல் மௌனா லோவாவின் லாவா, இன்று சாலை போகும் இந்தச் சேணத்தில் வந்து குளம்போலத் தேங்கி, பிறகு ஹிலோவை நோக்கித் திரும்பியது. டிசம்பர் 27 அன்று ராணுவ விமானங்கள் அதன் மேல் குண்டு வீசின. சில நாட்களில் லாவா நின்றது. ஆனால் அது குண்டுகளால் அல்ல, தானாகவே நின்றது என்பதே பிற்கால அறிவியலாளர்கள் பலரின் கருத்து. அதற்கு முன் 1881-இல் லாவா ஹிலோவின் வாசலுக்கே வந்தபோது, ஹவாய் அரச குலத்தைச் சேர்ந்த ரூத் கேஎலிகோலானி என்ற பெண்மணி நேரில் போய், எரிமலைத் தெய்வமான பெலேவுக்குப் படையல் வைத்து வேண்டிக்கொண்டார். லாவா ஊருக்குள் நுழையாமல் நின்றது. அந்த நிகழ்ச்சியை ஹிலோ மக்கள் இன்றும் மரியாதையோடு சொல்கிறார்கள். அந்த லாவா உள்ளே ஓடிக் குடைந்த குகையை ஹிலோவுக்கு மேலே கௌமானாவில் இப்போதும் இறங்கிப் பார்க்கலாம்.

உங்கள் கேள்விக்கு நேர்ப் பதில்: மூடிவிட்டால் கரையோரச் சாலைகளில் சுற்றிப் போவார்கள், லாவா ஆறிய பிறகு அதன் மேலேயே மறுபடி சாலை போடுவார்கள். இப்போதைய சாலையே பழைய லாவா ஓட்டங்களின் மேல்தான் போகிறது.

நம் ஊர்போல மழையில் மண் சரியாதா?

அந்தப் பயம் இந்தச் சாலையில் மிகக் குறைவு. சரிவு மென்மையானது, புதிய லாவாக் கல் சல்லடை போன்றது, பெய்கிற மழையைக் குடித்துவிடுகிறது. அவ்வளவு மழை பெய்யும் பக்கத்தில்கூடச் சேணப் பகுதியில் பெரிய ஆறு ஓடுவதைக் காண முடியாது.

நம் மலை அப்படியல்ல. பழைய கடும்பாறையின் மேல் ஆழமான மண் போர்வை, அதன் மேல் செங்குத்துச் சரிவு, அதன் மேல் பருவமழை. 2020 ஆகஸ்டில் மூணாற்றை அடுத்த ராஜமலை பெட்டிமுடியில் லயங்களின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் மேல் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டுபோனது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். அந்த இரவுக்குப் பிறகு, மலைச் சாலை என்று பேசும்போது அகலத்தையும் வேகத்தையும் மட்டும் பேச எனக்கு மனம் வருவதில்லை.

அப்படியானால் நம் சாலையையும் அதுபோல நேராக்கி அகலமாக்கலாமா?

இளைஞர்கள் ஆவலோடு கேட்கிறார்கள். கொச்சியையும் தனுஷ்கோடியையும் இணைக்கும் நம் தேசிய நெடுஞ்சாலை 85-இல், மூணாறு முதல் போடிமெட்டு வரையிலான ஏறத்தாழ 42 கிலோமீட்டர் அகலப்படுத்தப்பட்டிருக்கிறது. போய்வருவது எளிதாகியிருக்கிறது, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தப் பணி நடந்தபோது தேவிகுளம் கேப் ரோட்டில் பாறைகள் பெயர்ந்து சரிந்து, சாலை பல மாதம் அடைபட்டுக் கிடந்ததையும் நாம் மறக்கக் கூடாது. கேடயம்போல் படுத்திருக்கும் மலையில் நேர்க்கோடு இழுப்பது வேறு, சுவர்போல் நிற்கும் மலையின் அடிவயிற்றை வெட்டுவது வேறு.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது நேர்க்கோட்டை அல்ல. மௌனா கியாவின் சரிவில் மட்டுமே வாழும் பாலிலா என்ற சிறு பறவை ஒன்று உண்டு. மாமனே மரத்தின் காயைத் தின்று பிழைப்பது, அழிவின் விளிம்பில் இருப்பது. புதிய தடம் அதற்கென்று காக்கப்பட்ட நிலத்தின் ஊடே போக நேர்ந்ததால், ஈடாக வேறு நிலத்தை ஒதுக்கி, அங்கே கால்நடைகளை விலக்கி, காட்டை மீளவைக்க ஏற்பாடு செய்தார்கள். பறவைக்குச் செய்யும் அந்தக் கணக்கை, வெட்டிய சரிவின் கீழே லயத்தில் தூங்கும் மனிதர்களுக்காவது நாம் முதலில் செய்ய வேண்டும்.

வழியில் பார்க்க என்ன இருக்கிறது?

வெறும் கருங்கல் காடு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. நின்று பார்த்தால் அப்படி இல்லை. லாவாவில் இரண்டு வகை. வழவழப்பாகக் கயிறு முறுக்கியதுபோல் உறைந்தது பாஹோயிஹோயி. கரடுமுரடாகக் கருங்கல் ஜல்லி கொட்டியதுபோல் உடைந்து கிடப்பது ஆஆ. இரண்டும் ஹவாய் மொழிச் சொற்கள். உலகெங்கும் புவியியல் பாடத்தில் இவற்றையே பயன்படுத்துகிறார்கள். புதிய லாவாவில் முதலில் வெள்ளிச் சாம்பல் நிறப் பாசி வகை படர்கிறது, பிறகு பெரணி, பிறகு சிவப்புக் குஞ்சம்போல் பூக்கும் ஓஹியா மரம். எந்த ஆண்டு லாவா என்பதைச் செடியின் உயரத்தைப் பார்த்தே உள்ளூர்க்காரர்கள் ஓரளவு சொல்லிவிடுகிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தவை கீபுக்காக்கள். லாவா ஓடிவரும்போது ஒரு மேட்டைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போய்விட்டால், நடுவில் பழைய காடு மட்டும் எரியாமல் தீவுபோல் நின்றுவிடும், அதுதான் கீபுக்கா. உச்சிப் புள்ளிக்கு அருகே, மௌனா கியாவுக்குப் பிரியும் இடத்தின் எதிரே உள்ள பூவு ஹுலுஹுலு என்ற குன்று அப்படிப்பட்டது. சிறிய நடைபாதை இருக்கிறது. ஏறி நின்றால் சுற்றிலும் கருங்கடல் போல லாவா, காலடியில் பழைய கோவா மரங்கள். நேனே என்ற வாத்து இனமும் கண்ணில் படும். ஹவாயின் மாநிலப் பறவையான அது 1950 வாக்கில் முப்பது அளவுக்குக் குறைந்துபோய், வளர்த்து விட்டுத்தான் மீண்டது. சாலையைக் கடக்கும்போது அடிபடுவதால் மெதுவாகப் போகச் சொல்லிப் பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

மௌனா கியா உச்சிக்குப் போகலாமா?

2,800 மீட்டர் உயரத்தில் உள்ள பார்வையாளர் நிலையம் வரை தார்ச்சாலை. கோனாவில் பிறந்து, 1986-இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த எல்லிசன் ஒனிசூக்காவின் பெயரால் அது அமைந்திருக்கிறது. அதற்கு மேல் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி கட்டாயம்; சில கிலோமீட்டர் ஜல்லிப் பாதை. கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டும் நம் தம்பிகளுக்குப் பாதை ஒரு பொருட்டாக இருக்காது, காற்றுதான் சிக்கல். 4,207 மீட்டர் உச்சியில், மூச்சுக்குக் கிடைக்கும் உயிர்வளி கடல் மட்டத்தைவிட ஏறத்தாழ 40 சதவீதம் குறைவு. கடற்கரையிலிருந்து இரண்டே மணி நேரத்தில் ஏறிவிடலாம் என்பதே ஆபத்து. பார்வையாளர் நிலையத்தில் அரை மணி நேரமாவது இருந்து உடம்பைப் பழக்கிக்கொள்ள வேண்டும். சிறுவர்களும் கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் அதற்கு மேல் போகக் கூடாது. நான் அங்கேயே நின்றுகொண்டேன்.

உச்சியில் கெக் இரட்டைத் தொலைநோக்கிகள், ஜப்பானின் சுபாரு எனப் பல நாட்டு வானாய்வுக் கருவிகள் இருக்கின்றன. ஹவாய் மக்களுக்கோ அது புனித மலை. முப்பது மீட்டர் தொலைநோக்கி ஒன்றைக் கட்டும் திட்டத்தை எதிர்த்து, 2019 ஜூலையில் அவர்கள் மௌனா கியாவுக்கு ஏறும் கிளைச் சாலையின் அடிவாரத்தில் மாதக்கணக்கில் அமர்ந்தார்கள். பெரியவர்கள் சாலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைதானார்கள். மலையைத் தெய்வமாகக் கும்பிடும் நமக்கு அவர்கள் மனம் புரியாமல் போகாது.

ராணுவம் இன்னும் அங்கே இருக்கிறதா?

இருக்கிறது. சாலையின் நடுப்பகுதியில் போஹகுலோவா என்ற பெரிய பயிற்சிக் களம். அதன் ஒரு பகுதி நிலத்தை 1964-இல் 65 ஆண்டுகளுக்கு ஒரே ஒரு டாலர் குத்தகைக்கு வாங்கியிருக்கிறார்கள். 2029-இல் அது முடிகிறது. அதைப் புதுப்பிக்கலாமா கூடாதா என்பது தீவில் பெரிய விவாதம்.

பெட்ரோல், சாப்பாடு?

இரண்டு முனையிலும்தான். நடுவில் கில்பர்ட் கஹேலே பூங்காவில் கழிப்பறையும் உட்கார மேசையும் உண்டு, கடை கிடையாது. கட்டுச்சோறும் ஸ்வெட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹவாயில் தமிழ்ச் சிவன் கோயில் இருக்கிறதாமே, அது இந்த வழியில் வருமா?

வராது. அது கவாய் என்ற வேறு தீவில் இருக்கிறது. விமானத்தில்தான் போக வேண்டும். சிவாய சுப்ரமுனியசுவாமி 1970-இல் நிறுவிய ஆதீனம் அது. பெங்களூருக்கு அருகே சிற்பிகள் கையால் செதுக்கி அனுப்பிய கருங்கற்களால் எழுந்த இறைவன் கோயில் 2023-இல் குடமுழுக்குக் கண்டது. முடிந்தவர்கள் கட்டாயம் போய்வர வேண்டும்.

எந்த நேரத்தில் கிளம்புவது நல்லது?

காலையில் சீக்கிரம். மதியத்துக்கு மேல் ஹிலோப் பக்கச் சரிவில் மேகம் திரண்டு, பனிமூட்டமும் தூறலும் வந்துவிடும். வண்டிகள் அங்கே வலப்பக்கம் ஓடுகின்றன. சில பகுதிகளில் மணிக்கு 60 மைல் வரை போகலாம் என்று பலகை இருக்கிறது. பழகாத கைக்கு அது மிக வேகம். இன்னொன்றையும் கவனியுங்கள். ஹிலோ கிழக்கே இருப்பதால், காலையில் அங்கிருந்து மேற்கே போகும்போது சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும். மாலையில் திரும்பும்போதும் முதுகுப் பக்கமே இருக்கும், கண் கூசாது. கோனாவில் தங்கியிருப்பவர்களுக்கு இது தலைகீழ். போகும்போதும் வரும்போதும் வெயில் கண்ணில் குத்தும், கறுப்புக் கண்ணாடி வேண்டும். போடியிலிருந்து காலையில் மெட்டு ஏறிச் சாயங்காலம் இறங்கும் நம் தோட்டத்து ஜீப்புகளுக்கு ஹிலோக்காரர்களின் கணக்குதான்.